சீசன் தொடக்கப் பனி: கொலராடோவில் முதல் முறை பேக்கன்ட்ரி போகிறவர்களுக்கு

அக்டோபரில் ஒரு நாள் காலை டென்வரில் எழுந்து மேற்கே பார்த்தால் மலை வெளுத்திருக்கும். அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிடும்: "சனிக்கிழமை பெர்தூட் பாஸ் போலாமா?" (டென்வருக்கு மேற்கே இருக்கும் மலைக்கணவாய் அது.) போன வருடம் ரிசார்ட்டில் ஸ்கீ கற்றுக்கொண்டவர், பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ வாங்கி ஒரு தடவைகூடக் காலில் மாட்டாதவர், லிஃப்ட் டிக்கெட் விலையைப் பார்த்து வாயடைத்துப் போனவர், எல்லோரும் கை தூக்குவார்கள். பனிச்சரிவு வருமா என்று யாராவது கேட்டால், பதில் தயாராக இருக்கும்: "பனியே இப்பத்தான் விழுந்திருக்கு, சரியறதுக்கு அங்க என்ன இருக்கு?"

நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு நேர்மாறானது என்று புரிய இரண்டு சீசன் ஆனது. அந்த இரண்டு சீசனில் கற்றதை, புதிதாகப் போகிறவர்கள் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சங்கடத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் மலையின் சாய்வும் சரிவு, பனி பெயர்ந்து ஓடுவதும் சரிவு. இங்கே பனி பெயர்ந்து வருவதை மட்டும் பனிச்சரிவு என்கிறேன். மலைப்பக்கத்தைச் சாய்வு என்கிறேன். பேக்கன்ட்ரி என்பது ரிசார்ட் எல்லைக்கு வெளியே, ரோந்துக்காரர்கள் யாரும் குண்டு வைத்துப் பனியைச் சோதித்துத் தராத மலை.

கொஞ்சப் பனி ஏன் மோசம்

தரை கோடை வெப்பத்தைச் சேர்த்து வைத்திருப்பதால், பனிக்கு அடியில் தரைமட்டம் ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸிலேயே இருக்கும். மேலே நவம்பர் இரவு மைனஸ் 18 என்று வையுங்கள். நடுவில் இருக்கும் பனி 60 செ.மீ. என்றால், ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 3 டிகிரி வித்தியாசம். இந்த வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டினாலே பனிக்குள் நீராவி கீழிருந்து மேலே ஏற ஆரம்பிக்கும். ஏறுகிற வழியில் அது துகள்களின் மேல் படிந்து, அவற்றைப் பெரிதாக, கோணல் கோணலாக, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். அதே குளிர், அதே தரை, ஆனால் பனி மட்டும் 2 மீட்டர் என்றால் வித்தியாசம் 0.9 டிகிரிதான். அங்கே மணிகள் மெல்ல உருண்டையாகி ஒட்டிக்கொள்ளும்.

ஆக, பனி மெலிதாக இருக்க இருக்க அது கெட்டுப்போகும் வேகம் கூடும். கொலராடோ கடலிலிருந்து வெகு தூரம். பனி சின்னச் சின்னத் தவணையாக விழும், நடுவில் வாரக்கணக்கில் தெளிந்த வானமும் கடுங்குளிரும். கெட்டுப்போக இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. இப்படிக் கெட்ட பனியை இங்கே சர்க்கரைப் பனி என்கிறார்கள். நம் ஊர் ஜீனி மாதிரியே இருக்கும். கொழுக்கட்டைக்கு மாவு பிடிப்பதுபோல் கையில் அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிரும்.

சர்க்கரை மட்டும் கிடந்தால் பெரிய ஆபத்து இல்லை. அதன் மேல் அடுத்த புயல் காற்றோடு வந்து பனியைக் கெட்டியாக அடித்துப் பூசும்போதுதான் வினை. அந்தக் கெட்டி அடுக்குக்குப் பெயர் ஸ்லாப். தரையில் கடுகைப் பரப்பி மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்த மாதிரி. அதில் ஒரு ஓரத்தில் கால் வைக்கிறீர்கள். பலகை முழுவதும் கிளம்புகிறது.

2020 இதற்குச் சரியான உதாரணம். அந்த அக்டோபரில் கிராண்ட் கவுன்டியில் ஈஸ்ட் டிரபிள்சம் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியில் பெரிய பனி விழுந்து தீயின் வேகம் அடங்கியபோது எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அப்புறம் நவம்பர் வறண்டு போனது. நிழல் சாய்வுகளில் கிடந்த தொடக்கப் பனி மெல்லச் சர்க்கரையாகி, டிசம்பரில் புதுப் பனி அதன் மேல் ஏறியது. அந்தக் குளிர்காலத்தில் கொலராடோவில் மட்டும் பனிச்சரிவில் 12 பேர் இறந்தார்கள். அமெரிக்கா முழுக்க 37 பேர். பிப்ரவரியில் நடந்த விபத்துகளுக்கும் அடியில் இருந்தது தொடக்க சீசனின் அந்தப் பலவீனமான அடுக்குதான்.

எங்கே ஒளிந்திருக்கும்

அக்டோபர் பனி தெற்குப் பார்த்த சாய்வில் வெயில் பட்டு இரண்டு நாளில் உருகிவிடும். தரையே தெரியும். அடுத்த புயல் அங்கே வெறும் தரையில் விழுகிறது. அடியில் சர்க்கரை கிடையாது. வடக்கும் கிழக்கும் பார்த்த உயரமான சாய்வுகளில், ஓடை போன்ற பள்ளங்களில், முகட்டுக்குக் கீழே, பழைய பனி அப்படியே கிடக்கும். மேற்குக் காற்று முகட்டைத் தாண்டி புதுப் பனியைக் கொண்டுவந்து கொட்டுவதும் அதே கிழக்குப் பக்கத்தில்தான்.

இப்போது நவம்பரில் ஸ்கீ போட இடம் தேடுகிறவரின் கண்ணோடு மலையைப் பாருங்கள். எங்கும் கல்லும் புல்லும். ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் வெள்ளைவெளேரென்று, மழமழவென்று, ஸ்கீ தரையில் உரசாத அளவுக்குப் பனி. கால் தானாக அங்கே போகும். சீசன் தொடக்கத்தின் பொறி இதுதான்: ஸ்கீ போட முடிகிற இடமும் சரியக்கூடிய இடமும் பெரும்பாலும் ஒரே இடம்.

போதாக்குறைக்கு, அடியில் கல், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, விழுந்த கிளை எதுவும் இன்னும் மூடியிருக்காது. ஜனவரியில் ஆளைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நிற்கிற சின்னச் சரிவு, நவம்பரில் அவரைப் பாறையில் தேய்த்துக்கொண்டு போகும். கனடாவில் பனிச்சரிவு மரணங்களை ஆராய்ந்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூச்சுத் திணறி அல்ல, அடிபட்டே இறந்திருந்தார். ஹெல்மெட் போடுங்கள். ஆனால் ஹெல்மெட்டை நம்பிச் சாய்வில் ஏறாதீர்கள்.

வேலை ஒன்று: பீக்கனைத் திறந்து பாருங்கள்

பீக்கன், புரோப், ஷவல். இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று என்று வாங்குவதில் அர்த்தம் இல்லை. அதை வைத்திருப்பவரே புதைந்துவிட்டால்?

பீக்கன் என்பது மார்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ. நடக்கும்போது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும்; தேடல் நிலைக்கு மாற்றினால் மற்றவரின் சிக்னலைப் பிடிக்கும். எந்த நிறுவனம் செய்தாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும். அதனால் வேறு வேறு பிராண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். புரோப் மடக்குக் கம்பி, குறைந்தது 240 செ.மீ. நீளம். ஷவல், அதாவது பனி தோண்டும் வாரி, உலோகத்தில் இருக்கட்டும். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் உடையும்.

ஒரு அக்டோபரில் என் பீக்கனின் பேட்டரி மூடியைத் திறந்தேன். போன ஏப்ரலில் போட்ட பேட்டரி உள்ளேயே இருந்தது. ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்து, ஸ்பிரிங்கைத் தின்றிருந்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது. கொஞ்சம் உலுக்கினால் அணைந்தது. மலையில் உருண்டு போகும்போது எத்தனை முறை உலுக்கும்? புதிதுதான் வாங்கினேன். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். தொடங்கும்போது புது ஆல்கலைன் போடுங்கள்; ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், அது தீரும் நேரத்தைக் கருவியால் சரியாகச் சொல்ல முடியாது.

கைபேசியும் ஸ்மார்ட் வாட்சும் சூடேற்றும் கையுறையும் பீக்கனைக் குழப்பும். சாதாரணமாக நடக்கும்போது பீக்கனுக்கும் மற்றவற்றுக்கும் 20 செ.மீ. இடைவெளி, தேடும்போது 50 செ.மீ. கைபேசியை மார்புப் பையில் வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. பேன்ட் பைக்கு மாற்றுங்கள்.

பிறகு பயிற்சி. ஒருவர் பீக்கனை ஒரு துணிப்பையில் போட்டுப் பூங்காவில் இலைக்குவியலுக்குள் ஒளிக்க, மற்றவர் நேரம் வைத்துத் தேடட்டும். பனிகூடத் தேவையில்லை. முதல் முறை எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. அது வெறும் தேடல் மட்டும், தோண்டல் இல்லை. அந்த ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று கீழே சொல்கிறேன்.

வேலை இரண்டு: முன்னறிவிப்பைப் படியுங்கள்

கொலராடோ அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சென்டர், சுருக்கமாக சிஏஐசி, சீசனில் தினமும் பகுதிவாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. இலவசம். அபாய அளவு ஐந்து நிலை: லோ, மாடரேட், கன்சிடரபிள், ஹை, எக்ஸ்ட்ரீம். ஐந்தில் மூன்று என்றால் நம் மனசு "பாஸ் மார்க்" என்று எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடப் பழக்கம். உண்மையில் 3, அதாவது கன்சிடரபிள் என்றால், மனிதர் கால் பட்டுச் சரிவு கிளம்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். 4, 5 என்றால் பலரும் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள். 3 என்ற நாளில்தான் நிறையப் பேர் சாகிறார்கள். 2 என்றாலும் ஆள் கிளப்பக்கூடிய சரிவு சில இடங்களில் உண்டு என்றே அர்த்தம்.

எண்ணோடு நிறுத்தாதீர்கள். அதன் கீழே எந்தத் திசை பார்த்த சாய்வு, எந்த உயரம், எந்த வகைச் சிக்கல் என்று எழுதியிருக்கும். பெர்சிஸ்டென்ட் ஸ்லாப் என்ற சொல்லைப் பார்த்தால், மேலே சொன்ன கடுகும் பலகையும் அங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். "வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, மர எல்லைக்கு மேல்" என்று இருந்தால் அன்றைய திட்டத்திலிருந்து அந்தச் சாய்வுகளை நீக்கிவிட வேண்டியதுதான். அக்டோபரில் அறிக்கை நடுக்குளிர்காலத்தைப் போல விரிவாக இருக்காது. அதைப் "பிரச்சினை இல்லை" என்று படிக்காதீர்கள்.

வேலை மூன்று: வரைபடத்தில் சாய்வை அளந்து பாருங்கள்

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகிறது; 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். பனியைப் படிக்க வருடங்கள் ஆகும். சாய்வை அளக்க ஒரு மாலை போதும். அதனால் புதியவருக்கு என் யோசனை, முதல் சீசன் முழுக்க 30 டிகிரிக்குக் குறைந்த இடத்திலேயே சுற்றுங்கள். வீரம் காட்ட அடுத்தடுத்த வருடங்கள் இருக்கின்றன.

கால்டோப்போ போன்ற வரைபடங்களில் சாய்வுக்கு நிறம் பூசும் வசதி உண்டு. நிறம் பூசாத பகுதியில் உங்கள் பாதையை வரையுங்கள். இரண்டு எச்சரிக்கை. வரைபடம் சின்னச் சின்ன மேடுகளைத் தவறவிடும். பத்தடி உயரத் திட்டு அதில் தெரியாது. இன்னொன்று, நீங்கள் நடக்கும் தரை சமமாக இருந்தாலும் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரை அடுக்கு இருக்கும்போது கீழே சமதரையில் நீங்கள் வைத்த கால், மேலே தூரத்தில் இருக்கும் சாய்வைக் கிளப்பிவிடலாம். மேலே நிறம் இருந்தால் அதன் அடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் பிரிக்காதீர்கள்.

ஸ்னோஷூ போகிறவர்களுக்கும் இதே விதிதான். காலில் மாட்டியிருப்பது ஸ்கீயா ஸ்னோஷூவா என்று பனிக்குத் தெரியாது. இன்னும் திறக்காத ரிசார்ட்டும் பேக்கன்ட்ரியே. அங்கே ரோந்துக்காரர்கள் வேலையைத் தொடங்கியிருக்க மாட்டார்கள். பனியைச் சமன் செய்யும் இயந்திரங்கள் இழுகம்பி கட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். பெர்தூட் பாஸ்கூட ஒரு காலத்தில் ரிசார்ட்தான். 1937 இல் தொடங்கி 2001 இல் மூடி, லிஃப்டுகளையும் கழற்றிவிட்டார்கள். டென்வரிலிருந்து நெடுஞ்சாலை நேரே அங்கே ஏறுவதாலும், வாகன நிறுத்தம் நிறைந்திருப்பதாலும் பாதுகாப்பான இடம் மாதிரி ஒரு தோற்றம். அதன் சாய்வுகள் சரியத்தான் செய்கின்றன.

வேலை நான்கு: வண்டியை விட்டு இறங்கியதும்

பீக்கனை வாகன நிறுத்தத்திலேயே போட்டு, வீடு திரும்பும்வரை அணைக்காதீர்கள். ஒருவர் முன்னால் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக, எல்லாருடைய பீக்கனும் சிக்னல் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. 2017 அக்டோபர் 7 அன்று மொன்டானாவின் இம்ப் பீக் மலையில் அனுபவமுள்ள இருவர் மேல் பனிச்சரிவு வந்தது. ஸ்லாப் ஓரிரு அடி தடிமன், அகலம் சுமார் 150 அடி. பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. அதில் ஒருவர் முழுதாகப் புதைந்து இறந்தார். அவரது பீக்கன் பைக்குள் அணைந்த நிலையில் இருந்தது.

நடக்க ஆரம்பித்தபின் கண்ணும் காதும் வேலை செய்யட்டும். அன்றைக்கோ முந்தின நாளோ அதே மாதிரிச் சாய்வில் சரிந்த தடம் தெரிகிறதா? காலடியிலிருந்து விரிசல் ஓடுகிறதா? முகட்டில் பனி புகையாகப் பறக்கிறதா? சட்டென்று வெயில் ஏறிப் பனி கனத்துப் போனதா? அப்புறம், அந்தச் சத்தம்.

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது ஒரு நவம்பர் கடைசியில், இருபது டிகிரிகூட இல்லாத ஒரு திறந்தவெளியில். நாங்கள் மூன்று பேர். முன்னால் போனவர் ஒரு சின்ன மரக்கன்றைச் சுற்றி அடி எடுத்து வைத்தார். மாடியில் யாரோ அரிசி மூட்டையை இறக்கியதுபோல "வும்ப்" என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே பனி ஒரு விரற்கடை இறங்கியது. வயிறு அதைவிட அதிகமாக இறங்கியது. பத்துப் பதினைந்து அடி தள்ளி இருந்த இன்னொரு கன்றின் நுனி ஆடி, அதன் மேலிருந்த பனி உதிர்ந்தது. காற்று இல்லை. அடியில் இருந்த சர்க்கரை அடுக்கு நசுங்கி, அந்த அதிர்வு அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. இதே சத்தம் 35 டிகிரியில் கேட்டிருந்தால் கட்டுரை எழுத நான் இல்லை. திரும்பி வந்துவிட்டோம். வண்டியில் ஏறும்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

நடக்கிற நடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஊன்றுகோலைத் திருப்பி, கைப்பிடியைப் பனிக்குள் மெல்ல அழுத்துங்கள். முதலில் எதிர்த்து நின்று, பிறகு சட்டென்று வெற்றிடத்தில் விழுந்ததுபோல் உள்ளே போனால், மேலே பலகை, கீழே சர்க்கரை. இந்தச் சோதனை "போகாதே" என்று சொல்லும்போது மட்டும் நம்புங்கள். "போகலாம்" என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை. பத்தடி தள்ளிக் குத்தினால் வேறு கதை வரலாம்.

ஏற்கெனவே நாலு பேர் போன தடம் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஸ்லாப் தடிமனாக இருக்கும் இடத்தில் நாலு பேர் தப்பியிருப்பார்கள். பாறையை ஒட்டி அது மெலிந்திருக்கும் இடத்தில் ஐந்தாவது ஆள் மிதிப்பார். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

சந்தேகமான இடத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் பத்திரமான இடத்தை அடைந்தபின் அடுத்தவர். மற்றவர்கள் ஒதுக்குப்புறமாக நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழு மூன்று நான்கு பேரோடு நிற்கட்டும். ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டால் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் வந்துவிடும்: இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறார்கள், நாம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: யார் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்புவோம், ஏன் என்று கேட்க மாட்டோம்.

சரிந்துவிட்டால்

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர். இப்போது என் பூங்கா ஒன்பது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். கொலராடோவில் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கேட்பதில்லை, உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் அங்கே இருப்பது நீங்கள் மட்டும்தான்.

சிக்கியவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தை மனதில் குறியுங்கள். மேலே இன்னும் சரிய மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் இருந்தால் ஒருவர் 911 அழைக்கட்டும். நீங்கள் மட்டும்தான் என்றால் முதலில் தேடுங்கள். மிஞ்சியிருக்கும் எல்லோரும் பீக்கனைத் தேடல் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவருடைய பீக்கன் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், நீங்கள் அவரையே தேடிப் போவீர்கள்.

கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, வரிக்கு வரி 40 மீட்டர் இடைவெளியில் நடங்கள். வழியில் கையுறை, ஸ்கீ நுனி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறியைப் பின்தொடருங்கள். பீக்கன் காட்டும் எண் ஏறக்குறைய மீட்டரில் தூரம். அது 10க்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 3க்குக் கீழே வந்ததும் மண்டியிட்டு, பீக்கனைப் பனியோடு ஒட்டி வைத்துச் சிலுவை போல முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தி, மிகச் சின்ன எண் வரும் புள்ளியைப் பிடியுங்கள். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாகப் புரோப்பால் குத்துங்கள், சாய்வுக்குச் செங்குத்தாக. உடம்பில் பட்டால் மெத்தென்று தெரியும். பட்டதும் புரோப்பை உருவாதீர்கள்.

தோண்டும்போது புரோப்புக்கு நேர் மேலே நின்று தோண்டுவது எல்லோரும் செய்கிற தப்பு. புதைந்தவர் மேலேயே ஏறி நிற்கிறீர்கள். புதைந்த ஆழத்தில் ஒன்றரை மடங்கு தூரம் கீழே இறங்கி நின்று, புரோப்பை நோக்கி உள்ளே போங்கள். பனியை மேலே தூக்காமல் பின்னால் தள்ளுங்கள். முதலில் முகம், வாய்க்குள் இருக்கும் பனி, பிறகு மார்பு. மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கைச் சுவாசம். மற்றதெல்லாம் அப்புறம்.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, கையால் செய்ய வேண்டும். பெர்தூட் பாஸ் நண்பர்கள் குழு இலவச வகுப்பு நடத்துகிறது. அதில் தொடங்கி, முடிந்தால் மூன்று நாள் லெவல் 1 பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போங்கள். ஒரு நல்ல ஜாக்கெட்டையும் பூட்ஸையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் அதன் கட்டணம் வந்துவிடும்.

வீடு திரும்பியதும்

காலணியைக் காயவைத்துவிட்டு, சிஏஐசி தளத்தில் நீங்கள் பார்த்ததைப் பதியுங்கள். பெரிய ஆய்வு அறிக்கை வேண்டாம். எந்த இடம், எவ்வளவு உயரம், எந்தத் திசை பார்த்த சாய்வு, பனி எத்தனை செ.மீ., வும்ப் கேட்டதா, விரிசல் ஓடியதா, படம் இருந்தால் ஒரு படம். சீசன் தொடக்கத்தில் மலையில் ஆள் குறைவு. அடுத்த நாள் முன்னறிவிப்பு எழுதுகிறவர் இப்படிப்பட்ட நாலு வரிக்குத்தான் காத்திருக்கிறார். நான் அந்த நவம்பர் மாலை எழுதிய பதிவில் மொத்தம் மூன்று வாக்கியம் இருந்தது. அதில் ஒன்று மரக்கன்றின் நுனி ஆடியது பற்றி.